வரம்பை யார் கட்டுவது?

வரம்பு உழவனுக்குப் பகைமையின் சின்னமன்று. இரு வயல்களிலும் நீர் அளவோடு நிற்க வேண்டுமென்றே அயலவர் இருவரும் கூடி அதனைக் கட்டுகின்றனர். ஒருவர் இல்லாத வேளையில் மற்றவர் அதை வெட்டி நகர்த்தும்போதுதான் வழக்கு மூளுகிறது.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்துக்கு முழு அதிகாரம் வேண்டுமெனப் பாண்டிருப்பு, சேனைக்குடியிருப்பு, பெரியநீலாவணை முதலிய ஊர்களின் தமிழர் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தனர். 2024 இலும் வீதிக்கு வந்தனர். காணிக்கும் நிதிக்கும் பிறிதொரு செயலகத்தின் கையொப்பத்தை எதிர்பார்த்து நிற்க எம்மக்கள்தாம் விரும்புவர்? கோரிக்கை நியாயமானதே.

ஆயினும் சட்டம் பயின்றோர் எதிர்மனுவையும் படித்தாக வேண்டும். எல்லைக்கோடு எவ்வழி செல்லும், கடைத்தெரு எப்பக்கம் விழும், தம் வயற்காணி எப்பதிவேட்டில் ஏறும் என்று முஸ்லிம் மக்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை இனவெறி என்று தள்ளிவிடுதல் எளிது, நேர்மையன்று. முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதே கல்முனையிலிருந்து பிரிந்து தனிச்சபை கேட்டதே! 2020 பெப்ரவரியில் அதற்கான வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. கொடுத்ததும் கொழும்பு, தடுத்ததும் கொழும்பு. இது இனத்தின் வழக்கு மட்டுமன்று, தன் ஊரைத் தானே ஆள விழையும் மனிதனின் வழக்கும் ஆகும்.

தலைமைகள் செய்தது என்ன? 1956 இல் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர்களாக வென்றனர். பின்னர் அரசு பக்கம் சென்றனர். துரோகம் என்றோம். ஏன் சென்றனர் என்று நம்மை நாமே கேட்டோமில்லை. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி மேடையில் முழங்கிய எம். எச். எம். அஷ்ரப், பின்னர் முஸ்லிம் காங்கிரசைத் தோற்றுவித்தார். அப்போதும் கேட்டோமில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோரைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அதே மாதம் வீரமுனையில் தமிழர் படுகொலை செய்யப்பட்டனர். இன்றுவரை அவரவர் தத்தம் பிணங்களையே எண்ணுகின்றனர். மேடைக்கு வந்தால் மட்டும் 'புட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்ற பழைய பல்லவி! பல்லவி பாடியதனால் ஒரு காணி வழக்காவது தீர்ந்ததுண்டா?

1961 இல் அம்பாறை மாவட்டம் உருவான நாள்முதல், கச்சேரி அலுவலுக்காகக் கரையோரத் தமிழனும் முஸ்லிமும் அம்பாறை நகருக்கே பயணம் போகின்றனர். அங்கே இருவரும் நிற்பது ஒரே வரிசையில்! கரையோர மாவட்டம் வேண்டுமென முஸ்லிம் தலைவர்கள் கேட்டபோது தமிழர் ஐயுற்றனர். செயலகம் வேண்டுமெனத் தமிழர் கேட்கும்போது முஸ்லிம்கள் ஐயுறுகின்றனர். இரு கோரிக்கைகளும் அதிகாரத்தை மக்களுக்கு அண்மையில் கொணர்வன அல்லவா? அவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்கு என்ன தடை?

தடை ஒன்றே: தீர்ந்த வழக்கு வாக்குத் தராது.

ஆகவே நாம் கேட்பது இது. இரு சமூகங்களின் உறுப்பினர்களும் கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபையினரும் விவசாய அமைப்பினரும் கல்முனையிலேயே அமரட்டும். ஊர் ஊராக, வட்டை வட்டையாகப் பதிவேடுகளை விரித்துவைத்து எல்லையை வரையட்டும். கடைத்தெருவில் இருசாராரின் உரிமைக்கும் எழுத்தில் காப்பு இருக்கட்டும். இரு தரப்பும் ஒப்பமிட்ட ஒரே வரைபடம் கொழும்புக்குச் செல்லட்டும். அதை மறுப்பது எந்த அரசுக்கும் எளிதாயிராது.

தலைவர்கள் முன்வராவிடில், வழக்கறிஞரும் ஆசிரியரும் உழவரும் முன்வரவேண்டும். வரம்பு கட்டத் தெரிந்தவர்கள் அவர்களே.