விசைக்கும் வழி வேண்டும்

கணினியில் ஒரு கோப்பை நகலெடுக்கக் கட்டளை இடுகிறோம். உடனே திரையின் நடுவே சிறு பலகை ஒன்று மேலெழுகிறது. “இதே பெயரில் வேறொரு கோப்பு இருக்கிறது, அதை அழித்து இதை வைக்கவா, விட்டுவிடவா?” என்று கேட்கிறது. கேட்பது முறைதான். ஆனால் விடை சொல்ல வழி வேண்டாவா? சுட்டியைப் பிடித்து, அம்புக்குறியை நகர்த்தி, பொத்தானின்மேல் நிறுத்தி அழுத்த வல்லவர்க்கு மட்டுமே வழி உண்டு, விசைப்பலகையை நம்பியவர்க்கு வழி இல்லை என்றால், அது கேள்வியா? அடைத்த கதவு அன்றோ?

கோப்புகளை ஆளும் செயலிகளில் எழும் இச்சிறு பலகைகளைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன். “தமிழ் மன்ற இதழில் இதற்கென்ன இடம்?” என்று தோழர்கள் வினவலாம். இடம் உண்டு. தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இதனுள் ஒளிந்திருக்கிறது. அதனைக் கூறுமுன் சிறிது வரலாறு கூற வேண்டும்.

கோப்புகளை விசைகளாலேயே ஆண்ட காலம் ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டில் ஜான் சோச்சா என்பார் உருவாக்கிய நார்ட்டன் கமாண்டர் வெளிவந்தது. திரையில் இடமும் வலமுமாக இரு பட்டியல்கள். அடியில் ஒரே வரிசையாகப் பத்துக் கட்டளைகள். எஃப் 5 என்றால் நகல், எஃப் 6 என்றால் நகர்த்தல், எஃப் 8 என்றால் நீக்கம். விசையைத் தட்டினால் பலகை எழும். என்டர் தட்டினால் வேலை முடியும். எஸ்கேப் தட்டினால் பலகை மறையும். அவ்வழியைப் பின்பற்றி 1994இல் மெக்சிகோ நாட்டு இளைஞர் மிகெல் டி இகாசா தொடங்கிய மிட்நைட் கமாண்டர் இன்றும் பயன்பாட்டில் உள்ளது, விலையின்றிக் கிடைக்கிறது. எங்கள் துறையின் ஆய்வுக் கணக்குகளை ஓட்டும் தொலைவிடக் கணினியில் நான் நாள்தோறும் கையாளுவது இதனைத்தான்.

டக்ளஸ் எங்கல்பார்ட் 1968ஆம் ஆண்டில் சுட்டியை உலகறியக் காட்டினார். அது நல்ல கருவி. அதனை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் புதிய வழி ஒன்று திறந்தால் பழைய வழியை முள்ளிட்டு அடைக்க வேண்டுமா? அழகிய பலகைகளை வரைகின்றவர் பலர் சுட்டியை மட்டுமே மனத்திற் கொண்டு வரைகின்றனர். விசை என்பது அவர்களுக்குப் பின்னர் வந்த நினைவு. சிலருக்கு வராத நினைவு.

இதனால் யாருக்கு என்ன குறை? என் விடுதியில் வரலாறு பயிலும் கன்னட நண்பர் ஒருவர் இருக்கிறார். கண்பார்வை இல்லாதவர். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் செயலியின் துணையால் நூல்களையும் குறிப்புகளையும் தாமே படிக்கிறார். 2006ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பது அவ்வகைச் செயலி, அதுவும் விலையில்லாதது. நண்பரின் விரல்கள் விசைப்பலகையில் ஓடும் விரைவைக் கண்டால் நமக்கு நாணமே உண்டாகும். அத்தகையவரை ஒரு பலகை நிறுத்திவிடுகிறது. அவர் பயன்படுத்தும் கோப்புச் செயலி ஒன்றில் பலகை எழுகிறது; ஆனால் விசைத்தட்டல் அதனுள் செல்வதில்லை. செயலி ஊமையாகிறது. பலகை எழுந்ததையே அவர் அறியார். நகல் முடிந்தது என்றெண்ணிப் பேனா நினைவகத்தைக் கழற்றிச் சென்றால், மறுநாள் வகுப்பில் கட்டுரை இல்லை! அறிவில் குறைந்தவரா அவர்? இல்லை. குறை பலகையில் இருக்கிறது.

விசையைத் தட்டினால் அத்தட்டல் திரையில் எவ்விடத்தைச் சேருமோ, அவ்விடத்தைக் கணினியர் குவியம் என்பர். இருளறையில் கைவிளக்கின் ஒளி விழும் இடம் போன்றது அது. நல்ல பலகைக்கு வேண்டிய இலக்கணம் யாவும் இக்குவியத்தை ஒட்டியதே.

முதலாவது, பலகை எழுந்தவுடன் குவியம் அதனுள் புக வேண்டும். இரண்டாவது, டேப் விசையைத் தட்டத் தட்டக் குவியம் ஒவ்வொரு பொத்தானாகச் செல்ல வேண்டும். நிற்கும் இடம் கண்ணுக்கும் தெரிய வேண்டும், படிக்கும் செயலியின் வாயிலும் வர வேண்டும். மூன்றாவது, எஸ்கேப் தட்டினால் பலகை மறைந்து, குவியம் முன்பு நின்ற அதே கோப்புக்கு மீள வேண்டும். ஐந்நூறு கோப்புகளின் நடுவே நின்றவனை மீண்டும் முதல் வரிக்கு ஓட்டுவது கொடுமை. நான்காவது, அழிக்கும் பொத்தானில் குவியத்தை வைத்துக் காத்திருத்தல் ஆகாது. பழக்கத்தால் தட்டிய ஒரு என்டர் ஒரு பருவத்தின் உழைப்பை விழுங்கிவிடும். ஐந்தாவது, “நீக்கியதை மீட்கவா?” என்று கேட்டுவிட்டுச் சில நொடிகளில் தானே மறையும் பலகை கூடாது. கேட்டவன் விடை வரும்வரை நிற்க வேண்டுமல்லவா?

இவை என் கற்பனை அல்ல. எல்லாச் செயலும் விசைப்பலகையால் இயல வேண்டும், குவியம் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்னும் விதிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008ஆம் ஆண்டிலேயே வலைப்பக்கங்களுக்கு வகுத்தளித்தது. வலைக்குப் பொருந்தும் அறம் மேசைக்குப் பொருந்தாதா? நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், அன்றாடம் பயன்படும் மின்னணுப் பொருள்கள் எல்லார்க்கும் ஏற்ற வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அது திரைக்கு வர வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். பலகையின் பொத்தான்களில் ஓரெழுத்துக்கு அடிக்கோடு இட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆல்ட் விசையுடன் அவ்வெழுத்தைத் தட்டினால் அப்பொத்தானை அழுத்தியதாகும். தமிழாக்கங்களிலோ, ‘கோப்பு’ என்று தமிழில் எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தை ஒட்டிவைக்கும் வழக்கம் உண்டு. வீட்டுக்குத் தமிழ்ப் பெயர். பூட்டுக்கு ஆங்கிலச் சாவி! ‘ஃபைல்’ என்னும் சொல்லை அறியாத சிற்றூர் மாணவன் ‘கோப்பு’க்கு ‘எஃப்’ ஏன் என்று எங்ஙனம் அறிவான்?

“அப்படியானால் தமிழ் எழுத்தையே வைப்போம்” என்பது எளிது. வைத்துப் பாருங்கள், இடர் புரியும். கோப்புச் செயலியின் தலையாய கட்டளைகள் மூன்று: நகலெடு, நகர்த்து, நீக்கு. மூன்றும் நகர வரிசை! முதலெழுத்தைச் சாவியாக்கினால் காப்பதும் கொல்வதும் ஒரே விசையில் வந்து நிற்கும். ஆங்கிலத்தைப் பார்த்து வரைந்தவர்க்கு இது தோன்றாது; தமிழில் எண்ணி வரைகின்றவர்க்கே தோன்றும்.

இதற்கு வழி இல்லையா? உண்டு. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை உருவாயிற்று. தமிழக அரசு அவ்வாண்டே அதனை ஏற்றது. அதில் உயிர்கள் இடக்கையில். மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். நகலெடு என்பதற்கு ‘ல’, நகர்த்து என்பதற்கு ‘ர’, நீக்கு என்பதற்கு ‘க’ என்று சொல்லின் நடுவிலுள்ள மெய்யைச் சாவியாக்கலாம். மூன்றும் வெவ்வேறு விசைகள். சொல்லைப் பார்த்தாலே நினைவில் நிற்பவை. இதைவிடச் சிறந்த முறையை நீங்கள் கூறினால் மகிழ்வேன். முறை எதுவாயினும் அது தமிழில் எண்ணிச் செய்த முறையாக இருத்தல் வேண்டும் என்பதே என் வாதம்.

இத்தகைய பணி நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா, 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கினார். ஆங்கிலப் பொறியில் தமிழை ஒட்டவைக்காமல், தமிழின் இயல்பை ஆராய்ந்து பொறியை வகுத்த அவரும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்ற தமிழரே. நாம் வாழும் இக்கன்னட நாட்டிலும் கே. பி. ராவ் கன்னடத்துக்கென விசைப்பலகை வகுத்தார். அவருடைய மொழிக்கும் இதே இடர்கள் உண்டு. ஆதலின் இங்குள்ள கன்னடத் தோழர்களோடு கைகோத்துச் செய்ய வேண்டிய பணி இது.

“எல்லாம் கைப்பேசிக்கு மாறிவிட்டதே, விசைப்பலகையைப் பற்றி ஏன் கவலை?” என்பார் உண்டு. ஆய்வேட்டைக் கைப்பேசியிலா எழுதுகிறோம்? “விசைகள் வல்லுநர்க்கு மட்டுமே” என்பாரும் உண்டு. தட்டச்சு நிலையத்தில் பயின்று திரையை நோக்காமல் தட்டும் நம் அக்காமார் வல்லுநர் அல்லரோ? கை நடுங்கும் முதியவர், விரல் அசைக்க வல்லவராயினும் சுட்டியை நிறுத்த இயலாதவர், பழுதுபட்ட சுட்டியோடு கணினி அறையில் தவிக்கும் மாணவர் ஆகிய இவர்களும் கணினியின் உடையவர்களே; விருந்தாளிகள் அல்லர்.

ஆகவே மானசகங்கோத்திரி வளாகத்துத் தமிழ்த் தோழர்களை வேண்டுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சுட்டியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வையுங்கள். கோப்புகளை நகலெடுங்கள், பெயர் மாற்றுங்கள், நீக்குங்கள், மீட்டெடுங்கள். எந்தப் பலகையில் வழி அடைபடுகிறது, எங்கே குவியம் தொலைகிறது, எந்தத் தமிழ்ச் சொல்லுக்குப் பொருந்தாச் சாவி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டற்ற மென்பொருள்களை ஆக்குவோர் இத்தகைய குறிப்புகளை ஏற்கின்றனர்; தமிழாக்கக் குழுக்களில் நாமே சேர்ந்து திருத்தவும் இயலும். கணினி பயில்வோர் தம் செய்முறைத் திட்டத்துக்கு இதனையே பொருளாகக் கொள்ளலாம். மொழி பயில்வோர் சாவி எழுத்துகளை வகுத்துத் தரலாம். தமிழ்க் கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்து என ஒரு பட்டியல் இம்மன்றத்திலிருந்து வெளிவருமாயின், மேடையில் மொழியைப் புகழும் நூறு சொற்பொழிவுகளினும் அதனைப் பெரிதென்று கருதுவேன்.