ஒரே டோக்கனுக்கு எத்தனை வரி?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட டெல்டா கார்ப்பின் முதன்மைத் தொழில் சூதாட்டம். பனாஜியை ஒட்டி மாண்டோவி ஆற்றில் நிற்கும் டெல்டின் ராயல் போன்ற கப்பல் கேசினோக்கள்தான் அதன் வருமானத்துக்கு ஆதாரம். சிக்கிமிலும் கேசினோ உண்டு. கப்பலில் சூதாட வழிவிட்டது கோவாவின் 1996 சட்டத் திருத்தம். உரிமக் கட்டணத்தைக் கோடிகளில் வாங்கிக்கொண்ட பிறகு ஒழுக்கம் பேச யாருக்கும் இடமில்லை.

இந்தக் கம்பெனிக்கும் துணை நிறுவனங்களுக்கும் 2023 செப்டம்பரில் வந்த ஜிஎஸ்டி நோட்டீஸ்கள் கேட்டது சுமார் 16,822 கோடி ரூபாய். கணக்குக் காலம் 2017 ஜூலை முதல் 2022 மார்ச் வரை. கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு அன்று இதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

தொகை எப்படி இவ்வளவு ஊதியது? ஒருவர் 1,000 ரூபாய்க்கு டோக்கன் வாங்குகிறார். ஜெயிப்பதும் தோற்பதுமாகப் பத்துச் சுற்று ஆடினால், வைத்த பணயத்தின் கூட்டுத்தொகை 10,000 ரூபாயைத் தொட்டுவிடும். கடைசியில் அவர் இழந்தது 200 ரூபாய் என்றால் கேசினோவுக்கு வந்ததும் அந்த 200 மட்டுமே. கம்பெனியின் முறைப்படி அதற்கு 28 சதவீத வரி 56 ரூபாய். நோட்டீஸின் முறைப்படி 10,000 ரூபாய்க்கும் வரி: 2,800 ரூபாய். ஆட வந்தவர் கொண்டுவந்ததே ஆயிரம்தான்! மீட்டர் வட்டிக்காரரும் இப்படிக் கணக்குப் போடக் கூசுவார்.

இது அபத்தம் என்பது வரி வகுத்தவர்களுக்கே தெரியும். 2023 அக்டோபரில் அவர்கள் கொண்டுவந்த விதி, டோக்கன் வாங்கும் தொகைக்கு வரி போடுகிறது. ஜெயித்த பணத்தில் மறுபடி ஆடினால் வரி கேட்பதில்லை. அப்படியானால் பழைய ஆண்டுகளுக்கு மட்டும் சுற்றுக்குச் சுற்று வசூல் எந்த நியாயம்? இதற்குப் பதில் இல்லை. 2025 செப்டம்பரில் விகிதத்தை 40 சதவீதமாக உயர்த்த மட்டும் நேரம் கிடைத்தது.

பின்தேதியிட்டு வரி கேட்பது டெல்லிக்குப் பழகிய வியாதி. வோடஃபோன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றதும் 2012இல் சட்டத்தையே 1962 வரை பின்னோக்கி வளைத்தார்கள். ஒன்பது ஆண்டு அவமானத்துக்குப் பின் 2021இல் அதைக் கைவிட்டார்கள். ஜிஎஸ்டியிலோ, உப்புப் பாப்கார்னுக்கு ஒரு விகிதம், கேரமல் பாப்கார்னுக்கு வேறொன்று என 2024இல் விளக்கம் தந்து ஊர் சிரிக்க வைத்தார்கள். பாப்கார்னிலேயே தடுமாறியவர்கள் சூதாட்ட மேஜைக்கு வந்துவிட்டார்கள்.

பழைய ஆண்டுகளின் கணக்கை நீதிமன்றத்தின் தலையில் கட்டிவிட்டுக் காத்திராமல், தொழிலின் நடைமுறை அறிந்தவர்களைக் கலந்து, இரு தரப்பும் ஏற்கும் ஓர் ஏற்பாட்டை வரி வகுத்தவர்களே விரைவில் அறிவிக்க வேண்டும்.