பணியிலுள்ள வெல்டர்களுக்குப் புதிய முறைகளில் பயிற்சி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்: வெல்டர்கள் சங்கம், திருவெறும்பூர் வட்டாரம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருச்சிராப்பள்ளி; இயக்குநர் அவர்கள், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, சென்னை.
பொருள்: டிக் வெல்டிங், குழாய் வெல்டிங் மாலைநேரப் பயிற்சியும் தகுதித் தேர்வு உதவியும் கோருதல்.

திருவெறும்பூரில் 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் ஆலை அமைந்தபின், அதைச் சுற்றித் துவாக்குடி வரை ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. அங்கே ஹெல்பராகச் சேர்ந்து வெல்டரானவர்களில் பலருக்குக் கைவந்த முறை ராடு வெல்டிங்தான். கனத்த தகடுகளுக்கு சி.ஓ.2 வாயு வெல்டிங் வந்ததும் அதற்கும் பழகிக்கொண்டனர். அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்த பிறகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, ரசாயன ஆலைக் குழாய் போன்ற வேலைகளைப் பட்டறைகள் தேடத் தொடங்கின. இவற்றுக்குத் தேவை டிக்.

ராடு வெல்டிங்கில் ராடே உருகி இணைப்பை நிரப்பும். டிக்கில் டங்ஸ்டன் முனை உருகுவதில்லை. ஒரு கை டார்ச்சைப் பிடிக்க, மறு கை ஃபில்லர் கம்பியை ஊட்ட வேண்டும். ஆர்கான் வாயு உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும். பல ஆண்டுகள் ராடு பிடித்தவருக்கும் இது புதுப் பழக்கமே. கைத்திறனோடு உலோக அறிவும் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் அதிக நேரம் நின்றால், அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும். பீடு (வெல்டு வரி) பார்க்க அழகாக இருந்தாலும் அதன் ஓரத்தில் பின்னாளில் அரிப்பு தொடங்கும். கொதிகலன் குழாய்களில் வரும் பி91 எஃகு (9% குரோமியம், 1% மாலிப்டினம்) இன்னும் கறாரானது. வெல்டிங்குக்கு முன் அதைச் சுமார் 200 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். இணைப்பின் அடியில் முதல் வரி (ரூட் பாஸ்) போடும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். முடிந்தபின் 750 டிகிரியை ஒட்டி வெப்பப் பதம் செய்ய வேண்டும். ஒரு படி தவறினாலும் வெல்டில் விரிசல் விழக்கூடும். பட்டறையில் பார்த்துப் பார்த்துக் கற்கும் வழி இதற்குப் போதாது.

ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு ஓராண்டுப் பகல்நேரப் படிப்பு. குடும்பத்தைக் காக்கும் தொழிலாளிக்கு அது எட்டாது. ஆகவே அரசு ஐ.டி.ஐ. பட்டறைகளை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்து, பணியிலுள்ளோருக்கு டிக், குழாய் வெல்டிங் குறுகியகாலப் பயிற்சி தர வேண்டும் எனச் சங்கம் கோருகிறது. 1975இல் திருச்சி பெல் வளாகத்தில் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலேயே உள்ளது. பாடத்திட்டத்துக்கும் பயிற்றுநருக்கும் அதனுடன் அரசு உடன்பாடு செய்துகொள்ளலாம்.

பயிற்சியைவிடக் கடினமானது தேர்வு. குழாய் வெல்டர்களுக்கான 6ஜி தகுதித் தேர்வில் குழாய் 45 டிகிரிச் சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். பிறகு எக்ஸ்ரே அல்லது வளைப்புச் சோதனை. குழாய்த் துண்டு, ஆர்கான், சோதனைக் கட்டணம் ஆகியவற்றுடன் அன்றைய கூலியும் போகிறது. தவறினால் மறுபடியும் அதே செலவு. தேறியபின்னும் கவலை தீர்வதில்லை: அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிப்படி, ஒரு முறையில் 6 மாதம் வெல்டிங் செய்யாதிருந்தால் அதற்கான தகுதி காலாவதியாகிவிடும். வேலையில்லாத மாதங்களில் சான்றிதழும் கைவிட்டுப் போவது இப்படித்தான். முதல் தேர்வின் செலவை அரசு ஏற்க வேண்டும். வேலை கிடைக்காதவர்கள் தகுதியைத் தக்கவைக்க ஐ.டி.ஐ.யில் டெஸ்ட் துண்டு வெல்டிங் செய்து பதிவு பெற வழி செய்ய வேண்டும். வெல்டிங் வழிமுறைத் தாள்களைப் படிக்கும் பாடம் தமிழில் அமைய வேண்டும்.

ரோபோ வெல்டிங் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்படுகிறது. அதையும் கற்க உறுப்பினர்கள் விரும்புகின்றனர். ஆயினும் ஒரே மாதிரித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் வரும் இடத்துக்கே அது பெரும்பாலும் பொருந்தும், பழுதுபார்ப்புக்கும் சிறு ஆர்டருக்கும் எளிதில் பொருந்தாது. கையடக்க லேசர் வெல்டிங் அதைவிட முன்னதாகவே பட்டறைக்குள் வரலாம். வழக்கமான வெல்டிங் கண்ணாடி லேசருக்குப் பாதுகாப்பல்ல என்பதால், கருவி வருமுன்பே பயிற்சி வர வேண்டும்.

வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறக் குரோமியமும் உண்டு. எனவே ஒவ்வொரு பயிற்சி மேடையிலும் புகை உறிஞ்சியும், பயிற்சி பெறுவோர் ஒவ்வொருவருக்கும் தகுந்த முகக்கவசமும் இருக்க வேண்டும். இச்செலவைப் பயிற்சித் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே சேர்க்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.