பதின்மூன்று வயதின் விலை

அன்று காலை ஒன்பதாந் தரத்து மாணவருக்குப் புணர்ச்சி விதிகளைக் கற்பிக்க எண்ணிச் சென்ற நான், ஒரு விதியைத்தானும் கற்பியாது திரும்பினேன். முதல்நாள், அதாவது 2025 ஏப்பிரல் 28ஆந் திகதி இரவு, இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் நடந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றியே வகுப்பு முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. நான் தோன்றலையும் திரிதலையும் சொல்ல, அவர்கள் எல்லைக்கோட்டுக்கு மேலாகப் பறந்த பதினொரு ஆறுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஈற்றில் கடைசி வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, "சேர், அவனுக்கும் எங்கட வயசுதானே. அவன் பள்ளிக்கூடம் போறேல்லையோ?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானுஞ் சிரித்தேன். வீடு திரும்பிய பின்பு அந்தக் கேள்வி சிரிப்பதற்குரிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

அவன் என்று நான் குறிப்பது வைபவ் சூரியவன்ஷி என்னும் சிறுவனை. பத்திரிகைகள் அவனை ‘அவர்’ என்றும் ‘வீரர்’ என்றும் எழுதுகின்றன. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகிவிட்ட எனக்குப் பதினான்கு வயதுப் பாலகனை அவ்வாறு எழுதக் கை வரவில்லை, வாசகர் பொறுத்தருள்க.

ஆட்டத்தைக் காணாத அன்பர்களுக்காகச் சில வார்த்தை. ஐ.பி.எல். எனப்படும் இந்தியப் பிரிமியர் லீக் போட்டியில் ராஜஸ்தான் ரோயல்ஸ் அணிக்காக ஆடிய அவன், குஜராத் அணிக்கெதிராக 35 பந்துகளில் சதம் அடித்தான். 38 பந்துகளில் 101 ஓட்டங்கள். அன்று அவனுக்கு வயது பதினான்கும் 32 நாள்களும். அந்தப் போட்டியில் அதைவிட விரைவாகச் சதம் அடித்தவர் 2013இல் முப்பது பந்துகளில் அடித்த கிறிஸ் கெயில் ஒருவரே. எதிரே பந்து வீசியவர்களில் ஒருவரான இஷாந்த் சர்மா 2007இலேயே இந்தியாவுக்காக ஆடத் தொடங்கியவர். அப்பொழுது இச்சிறுவன் பிறந்திருக்கவில்லை. போட்டி தொடங்கியதே 2008இல்; இவன் பிறந்தது 2011 மார்ச் 27இல். ரஷீத் கானின் பந்தை ஆறாக அடித்துச் சதத்தை எட்டியபோது, கால் முறிவினால் சக்கர நாற்காலியில் இருந்த பயிற்றுநர் ராகுல் ட்ராவிட் தம்மை மறந்து எழுந்து நின்று கைகளை உயர்த்தினார். உண்மையைச் சொல்வதானால், என் வீட்டுக் கூடத்தில் நானும் எழுந்து நின்றேன். ஆகையால் நான் எழுதப் போவதை விளையாட்டை வெறுக்கும் ஒரு தமிழ் வாத்தியாரின் புலம்பல் என்று எவரும் தள்ளிவிட வேண்டா.

பீகார் மாநிலத்துச் சமஸ்திபூர் மாவட்டத்தில் தாஜ்பூர் என்னும் ஊர் அவனுடையது. பீகாரிலிருந்து ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரன் தோன்றுவது சில ஆண்டுகளுக்கு முன்வரை ஏறக்குறைய இயலாத காரியம். 2000ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் தனி மாநிலமாகப் பிரிந்தபோது, கிரிக்கெட் சங்கத்தின் உரிமையும் அதனுடனே போயிற்று; பத்துக் கோடி மக்கள் வாழும் பீகாருக்கு ரஞ்சிக் கிண்ணப் போட்டியில் ஓர் அணி இல்லாது போயிற்று. பாட்னாவிற் பிறந்த இஷான் கிஷான் ஜார்க்கண்டுக்காக ஆடியே முன்னுக்கு வந்தார். நீதிமன்றம் தலையிட்டு 2018இல் பீகார் மீண்டுஞ் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அந்தக் கதவு திறந்ததனாலேயே, 2024 ஜனவரியில் பாட்னாவில் மும்பை அணிக்கெதிராக, பன்னிரண்டு வயதும் 284 நாள்களும் நிரம்பிய இவன் முதல்தர ஆட்டத்தில் இறங்கக் கூடியதாயிற்று. எடுத்த ஓட்டங்கள் 19, 12. பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்கு வேறொரு பயன் இருந்தது. பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஒருவன் ஐ.பி.எல். ஏலத்தில் இடம்பெறுவதானால் அத்தகைய உள்ளூர்ப் பெரும் ஆட்டம் ஒன்றேனும் ஆடியிருத்தல் வேண்டும் என்பது விதி. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் சென்னையில் அவுஸ்திரேலிய இளையோருக்கெதிராக 58 பந்துகளில் அவன் சதம் அடித்ததும், முதலாளிகளின் கண்கள் அவன்மீது திரும்பின.

2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் ஏலம். அடிப்படை விலை 30 இலட்சம் இந்திய ரூபாய். டெல்லி அணி கேட்டது. ராஜஸ்தான் அணி கூட்டிக் கேட்டது. ஒரு கோடியே பத்து இலட்சத்தில் சுத்தியல் விழுந்தது. பிள்ளைக்கு வயது பதின்மூன்று.

ஏலம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. அடகு மீட்கப்படாத நகை ஏலம் போகும். வரிகட்டாதவன் காணி ஏலம் போகும். நம் ஊர்க் கோயில்களில் திருவிழாவன்று மாம்பழத்தை ஏலங்கூறி, ஒரு பழத்தைப் பல்லாயிரம் ரூபாய்க்கு எடுத்து மகிழ்வோரும் உளர். ஆனால் எதை ஏலங்கூறினும், கூறப்படுவது பொருளேயன்றி ஆளன்று என்ற எண்ணம் அச்சொல்லின் அடியில் கிடக்கிறது. வளர்ந்த ஆடவர் தம் விருப்பத்தோடு அந்த மேடையில் தம் பெயரை வைப்பதை நான் குறைகூறேன். கூலி எதுவும் ஒருவகைச் சந்தைதான். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விருப்பம் என்று எதைச் சொல்வது? சர்வதேச ஆட்டங்களுக்குக் குறைந்தது பதினைந்து வயது வேண்டும் என்று ஐ.சி.சி. 2020இல் வரம்பிட்டது. ஜித்தாவிலோ அத்தகைய வயது வரம்பு எதுவும் குறுக்கே நிற்கவில்லை. தேசக் கொடியின்கீழ் ஆடுவதற்கு இளையவன், முதலாளியின் கொடியின்கீழ் ஆடுவதற்கு மூத்தவனாகிவிடுகிறான்.

இது தொடர்பாக இந்தியச் சட்டத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தேன். 2016இல் திருத்தப்பட்ட சிறுவர் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிரம்பாத எவரையும் எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது. குடும்பத் தொழிலுக்கு ஒரு விலக்கு. கலை, கேளிக்கை, விளையாட்டு ஆகியவற்றுக்கு மற்றொரு விலக்கு. ஆனால் சர்க்கஸ் மட்டும் ஆகாது! சர்க்கஸ் கூடாரத்திற் கயிற்றின்மேல் நடக்கும் ஏழைப் பிள்ளையைக் காக்க நினைத்தவர்கள், விளக்கொளி வெள்ளத்தில் நடக்கும் கூடாரத்தை வேறாகக் கருதினார்கள் போலும். நியாயமாகச் சொல்வதானால், அச்சட்டத்தின் விதிகளில் நல்லனவும் உண்டு. பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, படிப்புக் கெடலாகாது, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கேனும் அப்பிள்ளையின் பெயரில் வங்கியில் இடப்பட வேண்டும். பதினான்கு நிரம்பியதும் இந்தக் காப்புகள் கழன்றுவிடுகின்றன. வைபவ் முதன்முதலாக ஐ.பி.எல். களத்தில் இறங்கியது 2025 ஏப்பிரல் 19இல். பதினான்காவது பிறந்தநாள் கழிந்து மூன்று வாரங்களின் பின்.

இதனை ஆசிரியர் அறையில் நான் எடுத்துச் சொன்னபோது, கணிதங் கற்பிக்கும் நண்பர் சீறினார். "நீங்கள் சொல்கிற அறமெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு. சமஸ்திபூரிலிருந்து எத்தனை பிள்ளைகள் ரயிலேறி வெளியூர்க் கட்டட வேலைக்குப் போகின்றன தெரியுமா? இவனுக்கு ஒரு கோடி கிடைத்தால் உங்களுக்கு என்ன நட்டம்?" அவர் கேட்டதில் உண்மை உண்டு. அந்தப் பணத்தை அக்குடும்பம் வேண்டாமென்றிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆயினும், அந்தச் சதத்தின் பின் அவனே சொன்ன சில செய்திகள் என் நெஞ்சை விட்டகலவில்லை. பயிற்சிக்கு அவன் புறப்பட வேண்டுமென்பதற்காகத் தாய் மூன்று மணிநேரமே உறங்கி எழுந்து சமைப்பாளாம். தந்தை தம் வேலையை விட்டுவிட்டாராம். அந்த வேலையை அண்ணன் ஏற்றுக்கொண்டானாம். பயிற்சிச் செலவுக்காகத் தந்தை விளைநிலத்தையும் விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஊரிலிருந்து பாட்னாவிலுள்ள பயிற்சிக் களம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். ஒரு குடும்பம் தன் உறக்கத்தையும் மண்ணையும் மூத்த பிள்ளையின் நாள்களையும் ஒரு சின்னத் துடுப்பின்மேல் வைத்தது. நான் அந்த அண்ணனையே நினைக்கிறேன். அவனைப் பற்றி ஒரு வரிக்குமேல் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

இவர்கள் வைத்த பந்தயம் வென்றது. வென்றதனால் நாம் அதைத் தியாகம் என்கிறோம். இதே பீகாரில், இதே உத்தரப் பிரதேசத்தில், நிலத்தை விற்றுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பி, பிள்ளை இருபது வயதில் வெறுங்கையோடு திரும்பிய வீடுகள் இல்லாமலா போகும்? அவ்வீடுகளில் நடந்ததற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மடமை. செயல் ஒன்றுதான். ஜித்தாவில் ஒரு சுத்தியல் விழுந்த ஓசை, எத்தனை ஊர்களில் எத்தனை தந்தையரைக் காணி உறுதியைத் தேடி அலுமாரியைத் திறக்க வைத்திருக்கும் என்பதை எண்ணும்போது, என் நண்பரின் கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருப்பதாக எனக்குப் படுகிறது.

வென்றவர்களின் கதையும் எப்போதும் வெற்றியாகவே முடிவதில்லை. 1988இல் மும்பைப் பாடசாலை ஆட்டம் ஒன்றில் இரு சிறுவர் ஆட்டமிழக்காது 664 ஓட்டங்களைச் சேர்த்தனர். ஒருவன் இவனைப் போலவே பதினான்கு வயதினன். பெயர் சச்சின் டெண்டுல்கர். அவனை விஞ்சி அன்று 349 எடுத்தவன் வினோத் காம்பிளி. டெண்டுல்கர் இருபத்துநான்கு ஆண்டுகள் ஆடினார். காம்பிளி, டெஸ்ட் ஆட்டங்களில் சராசரி ஐம்பத்துநான்கு ஓட்டங்களைக் கொண்டிருந்தும், தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது வயது இருபத்துமூன்று. நம்மவர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை இந்தத் தலைமுறை நேர்முக வர்ணனையாளராகவே அறியும். சென்னையின் அந்தச் சுழற்பந்து வீச்சாளர் 1983 ஏப்பிரல் 28ஆந் திகதி, ஆம், இதே திகதியில், பதினேழு வயதில் அன்ரிகுவாவில் முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடினார். 1984இல் மும்பையில் இங்கிலாந்தின் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. வயது இருபது. ஒன்பதே ஆட்டங்கள். திறமை குன்றியதா, காத்திருக்க எவருக்கும் பொறுமை இல்லையா என்று அறிந்தோர் இன்றும் வாதிடுகின்றனர்.

நாம் இயல்பாகவே பாலமேதைகளிடத்து மயங்குபவர்கள். மூன்று வயதிற் பாடிய சம்பந்தரின் கதையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தோம். எட்டயபுரத்தில் பதினொரு வயதிற் ‘பாரதி’ என்ற பட்டம் பெற்ற சிறுவனைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அச்சிறுவன் முப்பத்தெட்டு வயதில் எந்த நிலையில் மறைந்தான் என்பதைச் சொல்லும்போது மட்டும் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. அற்புதம் நிகழும் கணம் நமக்கு வேண்டும். அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்ற வினா நமக்கு அலுப்பூட்டுகிறது.

இந்தச் சிறுவனைப் பொறுத்தவரையில் ஓர் ஆறுதல் உண்டு. அவ்வணியிற் பொறுப்பிலிருந்த பெரியவர் இருவரும் அவசரப்படாது வளர்ந்தவர்கள். ட்ராவிட் வணிகத்துறையில் பட்டம் பெற்றவர். முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1996இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆடியபோது வயது இருபத்துமூன்று. மற்றவர் நம் நாட்டுக் குமார் சங்கக்கார; கொழும்புப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றுகொண்டிருந்தவர், 2000ஆம் ஆண்டில் காலியில் களமிறங்கியபோது வயது இருபத்திரண்டு. தாம் பெற்ற அந்தப் பத்தாண்டு நிழலை இந்தப் பிள்ளைக்குச் சிறிதேனும் தர அவர்கள் விரும்பியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஒரு கோடிக்கு வாங்கிய ஒன்றை நிழலில் வைத்திருக்க எந்த முதலாளி நெடுநாள் இசைவான்?

நான் கேட்பது பெரிதன்று. பதினாறு வயதுக்கு முன் எந்தப் பிள்ளையின் பெயரும் ஏலப் பட்டியலில் ஏறலாகாது. அதற்கு முன் திறமை கண்டால் பயிலுநனாகச் சேர்க்கட்டும், உதவிப்பணம் கொடுக்கட்டும், பள்ளிக்கூடத்துக்கும் பயிற்சிக்கும் அணியே பொறுப்பேற்கட்டும். நிலத்தை விற்கும் நிலை வராதபடி மாநிலச் சங்கம் மாவட்டந்தோறும் ஒரு நல்ல களத்தையேனும் அமைக்கட்டும். இவ்வளவு பணம் புரளும் ஒரு விளையாட்டுக்கு இது தாங்கமுடியாத சுமையா?

முதல் ஆட்டத்தில், சந்தித்த முதற்பந்தையே ஆறாக அடித்து 34 ஓட்டங்கள் எடுத்தவன், ஆட்டமிழந்து திரும்புகையில் கண்களைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன். நம் வகுப்புப் பிள்ளைகள் அழுவதைப் போலவேதான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சதம் அடித்த மூன்றாம் நாள், மே 1ஆந் திகதி, மும்பை அணிக்கெதிராக இரண்டே பந்துகளில் ஓட்டமெதுவுமின்றி ஆட்டமிழந்தான்.

மறுநாள் ஒன்பதாந் தரத்தில் அவனைப் பற்றி எவரும் பேசவில்லை. கடைசி வாங்கிலிருந்தவன் மட்டும் என்னை ஒருமுறை பார்த்தான். அவனுடைய கேள்விக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லியிருக்கவில்லை. கெடுதலையும் சேர்த்துப் புணர்ச்சி விதிகள் முழுவதையும் அன்று முடித்துவிட்டேன்.