வெட்டியும் குறையாத காடு

மரம் வெட்டினால் காடு அழிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனாமினி பழங்குடியினரின் காடு இதற்கு நேர்மாறு. 1854 ஒப்பந்தப்படி அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் இன்று அவர்களிடம் இருப்பது சுமார் 2,35,000 ஏக்கர். மேப்பிள், ஓக் என்று நூறாண்டுக்கு மேல் வெட்டி விற்றும், நிற்கும் மரத்தின் அளவு அன்றைவிட இன்று அதிகம்!

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நோயுற்றதும் முதிர்ந்ததும் முதலில் போகும். நல்ல மரம் விதை போட நிற்கும். தனியார் தோப்புக்காரர்கள் பலர் செய்வது தலைகீழ். விலை போகும் மரத்தை விற்றுவிட்டு சொத்தையை வைத்துக்கொள்கிறார்கள். (விதைநெல்லைச் சோறாக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?)

இன்னும் மோசம், தோப்புக்குள் இருக்கும் சதுப்பை வீண் நிலம் என்று வாய்க்கால் வெட்டி வற்ற வைப்பது. நீரோரத்துப் பொந்து மரத்துக்கு ஆலையில் விலை கிடையாது. ஆனால் மரவாத்து முட்டையிடுவது அந்தப் பொந்தில்தான். ஈர மண்ணில் கனரக வண்டி இறங்கினால் மண் இறுகி வேர் கெடும். தரை உறைந்த குளிர்காலத்தில் வெட்டுவதே சரி. பணம் சில மாதம் தள்ளி வரும், அவ்வளவுதான்.

அவசரம் மெனாமினிகளுக்கும் வந்தது. 1961இல் அரசு அவர்களின் பழங்குடி அந்தஸ்தை நீக்கியபோது, வரிச்சுமையால் ஏரிக்கரை மனைகளை வெளியாருக்கு விற்க நேர்ந்தது. 1973இல் அந்தஸ்து திரும்பியது. அத்தனை நெருக்கடியிலும் காட்டை அவர்கள் மொட்டையடிக்கவில்லை.