கடலைக் காட்டாமல் என்ன அறிவியல் பாடம்?



நம் தமிழ்ப்பள்ளி மாணவரிடம் பனிக்கரடி எங்கே வாழ்கிறது என்று கேளுங்கள். உடனே விடை வரும். ஒட்டகத்துக்கு ஏன் திமில் இருக்கிறது? அதற்கும் விடை வரும். நம் மலாக்கா நீரிணைக் கடற்கரையில் எந்த ஆமை முட்டையிட வருகிறது என்று கேளுங்கள். வகுப்பறை அமைதியாகிவிடும். ஆசிரியர் அறையில் கேட்டாலும் அதே அமைதிதான்.

இவ்வளவுக்கும் நாம் கடலை விட்டுத் தொலைவில் இல்லை. கிள்ளான் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைப் பார்த்தே வளர்கின்ற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களின் கொள்ளுத்தாத்தாக்களுள் பலர் கப்பலிலிருந்து இறங்கிய இடமும் அதுதான்; அன்று அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். கடல் வழியே வந்த சமுதாயம் இன்று கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது.

கல்விச் சுற்றுலா என்றால் நம் பள்ளிகள் எங்கே போகின்றன? நீர்க்கேளிக்கைப் பூங்கா, பேரங்காடி, விலங்குக் காட்சிசாலை. பேருந்தில் ஏறும்போது 'கல்வி'. இறங்கும்போது வெறும் 'சுற்றுலா'. நுழைவுக் கட்டணத்திற்கு மட்டும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் பெற்றோர் அறிவர். அதே பேருந்தைத் தெற்கு நோக்கித் திருப்பினால் போர்ட்டிக்சனை அடுத்துத் தஞ்சோங் துவான் இருக்கிறது.

தஞ்சோங் துவானைக் கேப் ரச்சாடோ என்றும் அழைப்பர். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கடற்கரையில் இருந்தாலும் அது மலாக்கா மாநிலத்திற்கு உரிய நிலம். கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைக்குன்று, மேலே காடு, உச்சியில் 1863-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். அங்கிருந்து எதிர்க்கரையான சுமத்திரா பக்கத்து ரூப்பாட் தீவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். அதனால்தான் ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் அங்கே கடலைக் கடந்து கரையேறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பருந்து காணும் விழாவுக்குப் பல பள்ளிகள் செல்கின்றன. நம் பள்ளிகளில் எத்தனை?

பருந்து மேலே பறக்கிறது. கீழே பாறைகளுக்கு நடுவே நடப்பது அதனினும் பெரிய பாடம். நீர் வற்றும் வேளையில் அங்குள்ள குழிகளில் சிறு மீன்கள், கடற்சாமந்தி, கடல்வெள்ளரி, பிறர் ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டு, பாறையைக் கவ்விப் பிடித்த சிப்பிகள் எனப் பலவற்றையும் காணலாம். சற்று ஆழத்தில் பவளப்பாறை. உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளுள் ஒன்றின் ஓரத்தில், கலங்கிய நீரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது அது.

அங்கிருந்து மலாக்கா நகர் நோக்கி நீளும் கடற்கரையில்தான் நான் தொடக்கத்தில் கேட்ட ஆமை முட்டையிடுகிறது. அதன் பெயர் அழுங்காமை. தீபகற்ப மலேசியாவில் அது அதிகமாக முட்டையிடும் மாநிலம் மலாக்கா. மஸ்ஜிட் தானா வட்டாரத்தின் பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையமே இயங்குகிறது. பெண் ஆமை ஒரு முறைக்கு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மணலால் மூடிச் செல்லும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள். குறைந்தால் ஆண் குஞ்சுகள். வெளிவந்த குஞ்சு வெளிச்சமான திசையே கடல் என்று எண்ணி ஓடும். அந்த வெளிச்சம் தங்கும் விடுதியின் விளக்காக இருந்தால், அதன் ஓட்டம் சாவை நோக்கித்தான்.

இத்தனையும் ஒரே மணல்மேட்டில் இருக்கின்றன: இனப்பெருக்கம், தட்பவெப்பம், ஒளி, மனிதனின் தலையீடு. இவற்றைத் தனித்தனிப் பாடமாகப் பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இதைச் சொன்னால் வரும் மறுமொழிகள் எனக்குப் பழக்கமானவை.

முதலாவது, 'தேர்வு இருக்கிறதே!' யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. தேர்வு போனபின்னும் தேர்வைக் காட்டித் தப்பிப்பது என்ன நியாயம்? பூட்டைக் கழற்றியபின்னும் கூண்டிலேயே உட்கார்ந்திருக்கும் கிளிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

இரண்டாவது, 'கடல் ஆபத்து.' 'இவனுக்குத் தண்ணீர்க் கண்டம் இருக்கிறது, டீச்சர்' என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒரு பெற்றோர் சொல்வார். பிள்ளையைப் பற்றிய அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. கடல் ஆபத்தானதுதான். ஆனால் அதே பிள்ளையை நீர்ச்சறுக்கில் ஏற்றி அனுப்ப ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது அந்தக் கண்டம் எங்கே போகிறது? கடலை அறியாத பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கற்ற பிள்ளை கரையில் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்ளும். அதற்கு நம் வீட்டு நாட்காட்டியே முதற்பாடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரேற்றமும் மிகும், நீரிறக்கமும் மிகும். விரதத்திற்குப் பார்க்கும் அந்த நாளை அறிவியலுக்கும் பார்க்கலாமே!

மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துவது. 'இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது? சொற்கள் இல்லையே!'

2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழில்தான் வேண்டும் என்று குரல் கொடுத்தோம். 2009-இல் அரசு அக்கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. கேட்டது கிடைத்தது. கிடைத்ததை என்ன செய்தோம்? எல்லா ஆமைக்கும் 'கடல் ஆமை' என்று ஒரே பெயரைச் சூட்டி முடித்துக்கொண்டோம். தமிழகத்து மீனவர் அப்படிச் சொல்வதில்லை. அழுங்காமை, பேராமை என்று பிரித்தறிந்து பெயரிட்டவர்கள் அவர்கள். ஓங்கில் என்பார்கள், நாம் டால்பின் என்கிறோம். ஆவுளியா என்பார்கள், நாம் 'டூகோங்' என்று மலாய்ச்சொல்லை வாங்கிக்கொள்கிறோம். அழுங்கு என்றால் எறும்புதின்னி. அதன் செதில்களைப் போலவே அழுங்காமையின் ஓட்டுத் தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இந்த ஒப்புமையை ஒரு முறை சொல்லிவிட்டால் நான்காம் ஆண்டு மாணவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். நெய்தல் என்று ஒரு திணையையே கடலுக்கு வகுத்த மொழியில் சொல் இல்லை என்பது தமிழின் குறையன்று, தேடாதவரின் குறை.

அறியாமைக்கு விலை உண்டு. திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் முட்டையிடத் தோண்டப்பட்ட தோல்முதுகு ஆமைக் குழிகள் பின்னர் ஏறத்தாழ இல்லையென்றாகிவிட்டன. முட்டையைத் தின்றவர்களும் விற்றவர்களும் கொடியவர்கள் அல்லர். முடியாத செல்வம் என்று நம்பியவர்கள். திரங்கானு முட்டை விற்பனையை முற்றாகத் தடைசெய்ததோ 2022-இல்தான். இன்று போர்ட்டிக்சன் பக்கம் நீர் வற்றும் நாளில் வாளியோடு இறங்கிக் கண்டதையெல்லாம் பொறுக்கும் குடும்பங்களை நானே கண்டிருக்கிறேன். அவற்றுள் நம்மவர் குடும்பங்களும் உண்டு. பவளத்தை மிதிப்பவருக்கு அது உயிர் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டியவர்கள் யார்?

ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் என் வேண்டுகோள்கள் இவை:

1) ஆண்டுக்கு ஒரு கல்விச் சுற்றுலாவேனும் கடற்கரைக்கு அமையட்டும். நீரிறக்க அட்டவணையைப் பார்த்தே நாளைக் குறியுங்கள்.

2) சிறு குழுக்களாகச் செல்லுங்கள், ஒவ்வொரு குழுவுடனும் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பார்க்கலாம், வரையலாம், எழுதலாம், எடுத்துவரக் கூடாது.

3) தொலைவு இயலாதென்றால் கெத்தாம் தீவுப் படகில் ஏறுங்கள். கண்டல் வேர்களையும், சேற்றில் தாவும் மீன்களையும் அவ்வழியில் காட்டலாம். குதிரைலாட நண்டைப் பற்றியும் சொல்லுங்கள்; உலகிலுள்ள 4 வகைகளுள் 3 நம் நாட்டுக் கடலோரங்களில் உள்ளன.

4) கண்ட உயிர்களின் பெயர்களைத் தமிழில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் மலாய்ப் பெயரும் இருக்கட்டும்.

5) பெற்றோர்களே, ஆமை முட்டை எங்கே விற்றாலும் வாங்காதீர்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பனிக்கரடியைப் பற்றிக் கற்பதில் தவறில்லை. ஆனால் பனிக்கரடியைக் காப்பாற்றும் வாய்ப்பு கிள்ளான் பிள்ளைக்கு வருவது அரிது. அழுங்காமையைக் காப்பாற்றும் வாய்ப்பு அடுத்த விடுமுறையிலேயே வரலாம். அன்று அந்தப் பிள்ளையின் கையில் வாளி இருக்குமா, குறிப்பேடு இருக்குமா என்பதை நாம்தான் முடிவுசெய்கிறோம்.