புலியோ, சிங்கமோ?

சென்ற மழைக்காலத்து ஓரிரவு எம் விடுதி உணவுச்சாலையில் ஒரு வழக்கு எழுந்தது: புலியும் சிங்கமும் பொருதால் வெல்வது யாது? இலை எடுத்த பின்னரும் வழக்கு ஓயவில்லை. ஒருசாரார் பிடரிமயிரைக் காட்டிச் சிங்கத்துக்கும், மறுசாரார் உடல் நிறையைக் காட்டிப் புலிக்கும் வாதாடினர். யாமோ, வினாவே பிழைபட்டது என்கின்றோம்.

நிறையில் புலிக்கே ஏற்றம் உண்டு. வளர்ந்த வங்கப் புலியேறு 180 முதல் 260 கிலோ வரை இருக்கும். கிர்க் காட்டுச் சிங்கவேறு பெரும்பாலும் 160 முதல் 190 வரை. ஆயினும் இவ்வெண்கள் உணர்த்துவது சிறிதே. புலி தனித்து வாழ்வது. புதர்மறைவில் பதுங்கி, இரை அறியுமுன் பாய்ந்து, குரல்வளையைக் கவ்வி முடிப்பதே அதன் தொழில். சிங்கவேறோ இரண்டு மூன்றாய்ச் சேர்ந்து, தன் கூட்டத்தைப் பிற ஏறுகளினின்றும் காப்பது. தோற்குமாயின், வென்றவை அதன் குட்டிகளைக் கொன்றுவிடும். ஆகலின் நேர்நின்று பொருதல் அதற்குத் தவிர்க்கவொண்ணாதது.

கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கத்தில் உரோமர் விலங்குகளை மோதவிட்டுக் களித்தனர். அத்தகைய அரங்கில் புலிக்குப் புதர் ஏது? சிங்கத்துக்கு உடன்பிறந்தான் ஏது? அங்கே வென்றது எதுவாயினும், காட்டைப் பற்றி யாம் அறிவது ஒன்றுமில்லை.

காட்டிலோ தலையெண்ணிக்கையும் வெற்றியை முடிவுசெய்யும். போட்சுவானா நாட்டுச் சாவுட்டியில், ஏறு அருகில்லாத வேளையில், திரண்டு வந்த கழுதைப்புலிகள் பெண்சிங்கங்களை இரையைவிட்டு விரட்டியதைக் கண்டோர் எழுதியுள்ளனர். இனி, போரை விலக்குதலும் ஒரு திறமே. 2022-இல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொணர்ந்த சிவிங்கிப்புலியை நோக்குக. அவ்வினம் கழுதைப்புலி நெருங்கினால் தான் கொன்ற இரையையும் விட்டு விலகும். அதனைக் கோழைமை என நகைப்பாரும் உளர். கால் ஒன்று ஊனப்படின் அதற்கு ஓட்டமில்லை, ஓட்டமில்லையேல் உணவில்லை, மருந்திடுவாரும் இல்லை.

நம் சங்கப் புலவர், இடப்பக்கம் வீழ்ந்த இரையைப் புலி உண்ணாது என்று பாடினர். செய்யுளில் அது பேரழகு. யாமும் விரும்பியே படிக்கின்றோம். காட்டுப்புலியோ எப்பக்கம் வீழ்ந்ததையும் உண்ணும்; தானே செத்துக் கிடந்ததையும் உண்ணும். இதைக் கேட்ட புலிக்கட்சி நண்பர் ஒருவர் முகஞ்சுளித்து, அன்றிரவே சிங்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார். சிங்கம் கழுதைப்புலியின் இரையைப் பறித்துண்ணும் செய்தியை அவருக்கு யாம் இன்னும் சொல்லவில்லை.